அடமழையில கோழிக்கூடு: நாலு பக்கமும் படுதா கட்டியும் உள்ள ஈரம், என்ன செய்ய?

ஆத்தங்கரை வீடு (சீர்காழி பக்கம்) எழுதியது:

வணக்கம். கொல்லையில நாட்டுக்கோழி வளக்கிறவங்க யாராச்சும் இருந்தா பாத்ததும் பதில் போடுங்க. அஞ்சு நாளா மழை நிக்கல. இன்னைக்குக் காலையில ரெண்டு குஞ்சு போயிடுச்சு.

ஊர் சீர்காழிக்குக் கிழக்க. களிமண் பூமி, ஒரு மழை பேஞ்சாலே கொல்லையில தண்ணி நிக்கும். 2022 நவம்பர்ல ஒரே நாள்ல 44 செ.மீ. கொட்டினப்ப எங்ககிட்ட கோழி கிடையாது. அதனால மழைக்காலத்துல கோழிய வெச்சுக் காப்பாத்துறது எனக்கு இதுதான் முதல் வருஷம். மாமியார் இருந்தவரைக்கும் திண்ணையில பஞ்சாரத்தைக் கவுத்து நாலஞ்சு கோழி வெச்சிருந்தாங்க. அவங்களுக்குத் தெரிஞ்சதை நான் அப்ப கேட்டு வெச்சுக்காம விட்டுட்டேன்.

எல்லாம் சிறுவிடை, சின்ன உருவ நாட்டுக்கோழி. பெட்டை 8, சேவல் 1, ரெண்டரை மாச வளந்த குஞ்சு 5. அந்த எட்டுப் பெட்டையில ஒண்ணு குஞ்சுத்தாய். 11 குஞ்சு, பொரிச்சு 19 நாள் ஆகுது. அதுலதான் ரெண்டு போச்சு, இப்ப 9.

கூடு 6 அடிக்கு 4 அடி. கீழ மூணு வரிசை செங்கல், அதுக்கு மேல சுத்தி கம்பிவலை, மேல சிமெண்ட் ஷீட். தரை மண்ணுதான், அதுமேல நெல் உமி ஒரு விரக்கடை உயரத்துக்குப் போட்டிருந்தேன். மழை ஆரம்பிச்ச அன்னிக்கே சாரல் உள்ள அடிச்சுது. உடனே நீலப் படுதா வாங்கி நாலு பக்கமும் ஷீட்டுலேர்ந்து தரைவரைக்கும் இழுத்துக் கட்டிட்டோம். ஒரு சந்து கூட விடல. கதவுப் பக்கம் மட்டும் தூக்கித் தூக்கிப் போட்டுக்கிறோம். மழையில நனைய வேணாம்னு மூணு நாளா வெளியிலயும் விடல.

ஆனா உள்ள உமி சொதசொதன்னு கெடக்கு. காலையில அஞ்சரைக்குப் படுதாவைத் தூக்கினா ஒரு நெடி, கண்ணுல தண்ணி வந்துடுது. படுதாவோட உள்பக்கம் முத்து முத்தா தண்ணி நிக்குது, ஷீட்டுக்கு அடியிலயும் அப்படித்தான். படுதா புதுசு, ஓட்டை எதுவும் இல்ல, வெளியில வெளக்கு வெச்சுப் பாத்துட்டோம். எங்கேர்ந்து ஒழுகுதுன்னே கண்டுபிடிக்க முடியல. ரெண்டு தடவை ஈர உமிக்கு மேலயே புது உமி கொட்டினேன், ஒரே ராத்திரியில அதுவும் ஊறிப்போச்சு.

செவலைப் பெட்டை ஒண்ணு நேத்துலேர்ந்து கழுத்தை உள்ள இழுத்துக்கிட்டு, இறகை உப்பிக்கிட்டு மூலையில நிக்குது. குருணை போட்டா தலையைத் தூக்கிப் பாக்குது, கொத்த மாட்டேங்குது. அது என் கையில வந்து உக்கார்ற கோழி. அதைப் பாத்துட்டு என்னால அடுப்படியில நிக்க முடியல.

இன்னொரு படுதா மேல போர்த்தணுமா? பல்பு போடலாமா? மழை இன்னும் நாலு நாள் இருக்குங்கிறாங்க.


மாடிவீட்டுச் சேவல் (தாம்பரம்) எழுதியது:

அக்கா, முதல்ல 100 வாட் குண்டு பல்பு ஒண்ணு போடுங்க. நான் மாடியில அப்படித்தான் சமாளிக்கிறேன். சூடு வந்தா உமி தானா காயும். படுதாவுல தையல் இருக்கிற இடத்துல தண்ணி கசியும், கண்ணுக்குத் தெரியாது. அதனால இன்னொரு படுதாவை ஷீட்டுக்கு மேலயும் சேத்துப் போட்டுடுங்க. கரண்ட் போச்சுன்னா என்ன பண்றதுன்னு மட்டும் தெரியல. எங்க பக்கமும் மழை வந்தாலே நிறுத்திடுறாங்க.


உப்பளத்துக் கொல்லை (வேதாரண்யம் பக்கம்) எழுதியது:

தங்கச்சி, இன்னொரு படுதா வேண்டவே வேண்டாம். கட்டினதுல பாதியை இப்பவே போய் அவுத்துடு. மழையா இருந்தாலும் பரவாயில்ல, குடையைப் புடிச்சுக்கிட்டுப் போய் அவுத்துட்டு வந்து மிச்சத்தைப் படி.

படுதாவுக்கு உள்பக்கம் முத்து முத்தா நிக்கிற தண்ணி மழைத்தண்ணி இல்ல. உன் கோழி விட்ட மூச்சு. வாயகண்ட குண்டான்ல சோறு வடிச்சுத் தட்டு போட்டு மூடினா தட்டுக்கு அடியில வேர்க்கும் பாரு, அதேதான். ஒரு கோழி ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 200 மில்லி தண்ணி குடிக்கும். எச்சத்துல முக்கால்வாசி தண்ணிதான். பதினாலு உருப்படியும் மூணு நாளா குடிச்சது, விட்டது எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளயே கெடக்கு. போக வழி இல்ல. மேல போய்ப் படுதாவுல வேர்த்து, வழிஞ்சு, திரும்ப உமியில இறங்குது. அதனாலதான் நீ புது உமி கொட்டக் கொட்ட ஊறுது. கண்ணு எரியுதுன்னியே, அது எச்சம் ஈரத்துல புளிச்சு வர்ற அம்மோனியா. நின்னு பாத்த உனக்கே தண்ணி வருதுன்னா, தரையிலேர்ந்து நாலு விரக்கடை உயரத்துல மூக்கை வெச்சுக்கிட்டு ராத்திரி பூரா கெடக்கிற குஞ்சுக்கு எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாரு.

இதை நான் பொஸ்தகத்துல படிச்சுச் சொல்லல. 2018 நவம்பர் 16 விடியக்காலையில கஜா புயல் எங்க தலைமேலதான் கரையேறுச்சு. கீத்துக் கொட்டகை அப்படியே பறந்துபோச்சு. 26 உருப்படி வெச்சிருந்தேன். காத்துல வேலியோரமா, அம்மிக்கு அடியில, கவுந்து கெடந்த தண்ணித்தொட்டிக்குள்ளன்னு ஒண்டிக்கிட்டு அன்னிக்கு ராத்திரி ஒண்ணுகூட சாகல. விடிஞ்சதும் எல்லாத்தையும் புடிச்சுக் கட்டி முடிக்காத ஒரு ரூமுல போட்டு, ஜன்னலுக்குச் சாக்கு அடிச்சு, கதவைச் சாத்தினேன். பத்திரமா வெச்சுட்டோம்னு நெனச்சேன். கரண்டும் இல்ல, நாங்களே வீடு இல்லாம நின்னோம், அதனால ஒரு வாரம் உள்ள என்ன ஆகுதுன்னு சரியாப் பாக்கல. அந்த ஒரு வாரத்துல 11 போச்சு. புயல்ல சாகாதது என் சாக்குக்குள்ள செத்துது. இன்னைக்கும் அந்த ரூமைத் தாண்டிப் போனா அந்த நெடி மூக்குல வரும் எனக்கு.

அதனால சொல்றேன், மேலேர்ந்து வர்ற தண்ணியைவிட அடியில நிக்கிற ஈரத்துக்குப் பயப்படு. வளந்த கோழி ஒரு மழையில நனைஞ்சா உதறிக்கிட்டு நிக்கும். ஈரத்துலயும் நெடியிலயும் நாலு ராத்திரி அடைச்சு வெச்சா நிக்காது.

இப்ப படுதாவை எப்படிக் கட்டணும்னு சொல்றேன். நம்ம பக்கம் ஐப்பசி கார்த்திகை மழை வாடைக்காத்துலதான் சாய்ஞ்சு அடிக்கும். வடக்கு, கிழக்கு ரெண்டு பக்கம் மட்டும் படுதா போதும். அதையும் வலையோட ஒட்டிக் கட்டாதே. மேல ஷீட்டு ஓரத்துல கட்டி, கீழ்முனையை வலையிலேர்ந்து ரெண்டு அடி தள்ளி முளை அடிச்சு இழுத்துக் கட்டு. தாவாரம் இறக்கின மாதிரி சரிவா நிக்கணும். சாரல் படுதாமேல வழிஞ்சு வெளிய போகும், காத்து அடியில பூந்து வரும். ஷீட்டுக்கும் படுதாவுக்கும் நடுவுல ஒரு சாண் சந்து விடு. சூடான காத்து மேலதான் ஏறும், அது போக அந்தச் சந்து வேணும். தெற்கும் மேற்கும் திறந்தே கெடக்கட்டும். ஆனா ஒரு படுதாவைச் சுருட்டி மேற்குப் பக்கம் மேல தயாரா கட்டி வை. புயல் கிட்ட வந்து கரையேறுறப்ப காத்து திசை மாறும். வாடையா அடிச்சது மேலக்காத்தா திரும்பி அடிக்கும். கஜாவுல நாங்க பாத்தோம். அப்ப மட்டும் அவுத்து விட்டு, காத்து அடங்கினதும் சுருட்டிடு.

அடுத்தது தரை. ஈர உமிமேல புது உமி கொட்டுறது ஈரத்துணிக்கு மேல காஞ்ச துணியைப் போடுற மாதிரி. அடிமண்ணு தெரியுறவரைக்கும் மம்பட்டியால வழிச்சு எடுத்துத் தென்னையடியில போடு. போடுறப்ப குவிச்சுப் போடு, பரப்பாதே, கோழி போய்க் கிளறும். அப்புறம் உன் கூட்டோட தரை வெளிமண்ணைவிட எவ்வளவு உயரம்னு பாரு. செங்கல் மூணு வரிசைன்னு சொன்னே, ஆனா உள்தரையும் வெளித்தரையும் ஒரே மட்டம்னா, களிமண்ணுல தண்ணி பக்கவாட்டுல ஊறி உள்ள வந்துடும். உடைஞ்ச செங்கல், ஓடு, எது இருந்தாலும் உள்ள ஒரு சாண் உயரத்துக்குக் கொட்டி, அதுமேல மணல் போட்டு மட்டம் பண்ணு. மணல் கெடைக்கலைன்னா பிளந்த மூங்கிலை ஒரு விரல் சந்து விட்டு வரிசையா ஆணி அடிச்சுப் பரண் மாதிரி உள்ள போட்டுடு. அதுமேல காஞ்ச சாமான் பரப்பு.

அஞ்சு நாள் மழையில காஞ்ச சாமானுக்கு எங்க போறதுன்னு கேப்பே. ரைஸ்மில்லுல உமி கொட்டகைக்குள்ளதான் இருக்கும், குவியலோட நடுவுலேர்ந்து வாங்கு. மரக்கடையில இழைப்புச் சுருள் கெடைக்கும், உமியைவிட அது நல்லா உறிஞ்சும். வைக்கோல் வேண்டாம், பாய் மாதிரி ஒட்டிக்கிட்டு அடியில பூஞ்சணம் புடிக்கும். வேற வழியே இல்லைன்னா சின்னதா நறுக்கிப் போட்டு மூணு நாளைக்கு ஒருதரம் மாத்து. தினம் சாயங்காலம் ஒரு புடி அள்ளி நல்லா இறுக்கிப் பாரு. கையைத் திறந்ததும் உதிர்ந்துடுச்சுன்னா நல்லா இருக்கு. கொழுக்கட்டை மாதிரி கையில நின்னா ஈரம் ஏறிடுச்சு. உதிராம, கொழுக்கட்டையாவும் ஆகாம, லேசா உடைஞ்சு நிக்குதுன்னா அன்னிக்கே கிளறி விடணும். எங்க வீட்டுல எங்க அம்மா கையால பாத்து இதைச் சொல்லித்தந்தாங்க. கருவி எதுவும் வேண்டாம், அந்தக் கை போதும்.

கூட்டைச் சுத்தி ஷீட்டுத் தண்ணி சொட்டுற கோட்டுக்கு ஒரு அடி வெளிய முழங்கை ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, தாழ்வா இருக்கிற பக்கம் திருப்பி விடு. ஷீட்டு ஓரத்துல பழைய பிவிசி பைப்பை நீளவாக்குல பிளந்து கம்பியால கட்டினா சொட்டுற தண்ணி தெறிச்சு உள்ள அடிக்காது. இதுக்கு உன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக்கோ, ஒரு மணி நேர வேலை.

செவலையை இன்னிக்கு ராத்திரியே வீட்டுக்குள்ள கொண்டா. காஞ்ச துண்டால இறகு படிஞ்ச வாக்குல ஒத்தி எடு, எதிர்வாக்குல தேய்க்காதே. நெஞ்சுக்கு அடியில, தொடையிடுக்குல கை விட்டுப் பாரு, அங்கதான் ஈரம் நிக்கும். கூடையில சாக்கு போட்டு அடுப்படி மூலையில வை, ஆனா புகை போற வழியில வேண்டாம். வெதுவெதுன்னு தண்ணி, கொஞ்சம் குழைஞ்ச சோறு. கொத்தலைன்னா விரல்ல தொட்டு அலகு ஓரத்துல வை. வாயைத் திறந்து ஊத்தாதே, புரையேறிடும்.

குஞ்சுங்களையும் தாயையும் கூட்டுல வைக்கவே வேண்டாம். உங்க மாமியார் செஞ்சதுதான் சரி. திண்ணையில ரெண்டு சாக்கை மடிச்சுப் போட்டு, உமி தூவி, பஞ்சாரத்தைக் கவுத்துடு. குஞ்சு மேல இருக்கிற பூ முடி தண்ணியைத் தாங்காது. நனைஞ்சா ஒடம்போட ஒட்டிக்கும், அரை மணி நேரத்துல குளிர்ந்துடும். ஆனா தரை காய்ஞ்சிருந்தா 19 நாள் குஞ்சுக்குத் தாய் இறக்கையே போதும், பல்பு வேண்டாம். தம்பி சொன்ன மாதிரி பல்பு போட்டா, மூடின கூட்டுல அது ஈரத்தைக் காய வைக்காது, ஆவியாக்கி மேல ஏத்தும், வேர்வை இன்னும் கூடும். காத்து போக வழி இருக்கிற எடத்துல, தாய் இல்லாத குஞ்சுக்குப் பல்பு சரி. கரண்ட் போனா வெந்நியைப் பாட்டில்ல ஊத்தித் துணி சுத்தி நடுவுல வைக்கலாம். கரியடுப்பை மட்டும் மூடின ரூமுல வைக்காதே. அந்தப் புகையில்லாத நச்சுக்காத்துக்கு மனுசனே தாங்க மாட்டான்.

படுதாவை அவுத்துட்டியான்னு எழுது.


ஓய்வு கால்நடை ஆய்வாளர் (பெரம்பலூர்) எழுதியது:

உப்பளத்து அம்மா சொன்னதில் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியதில்லை. 31 வருடம் கிராமம் கிராமமாகச் சுற்றிய அனுபவத்தில், மழைக்காலத்தில் என்னிடம் வந்த இறந்த கோழிகளில் பெரும்பாலானவை படுதா கட்டிய கூட்டிலிருந்து வந்தவை. நான் நோய் பற்றி மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

சகோதரி, குஞ்சுகளின் எச்சத்தைப் பகலில் வெள்ளைக் காகிதத்தில் விழவைத்துப் பாருங்கள். இரத்தம் கலந்தோ, காப்பி நிறத்தில் குழம்பாகவோ இருந்தால் இரத்தக்கழிச்சல். மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுகளைத்தான் இது அதிகம் தாக்கும். உங்கள் குஞ்சுகள் அந்த வயதைத் தொடுகின்றன. இந்தக் கிருமியின் முட்டை எச்சத்தோடு வெளியே வரும்போது நோய் தராது. ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் ஓரிரு நாளில் நோய் தரும் நிலைக்கு வந்துவிடும். சாதாரணக் கிருமிநாசினிக்கு அது சாகாது, காய்ந்தால் சாகும். உமியைக் காயவைப்பது பாதி வைத்தியம் என்று நான் சொல்லிவந்தது அதனால்தான். இரத்தம் தெரிந்தால் தாமதிக்காமல் கால்நடை மருந்தகத்துக்குப் போய்ச் சொல்லுங்கள். ஆம்ப்ரோலியம் என்ற மருந்தைக் குடிதண்ணீரில் கலந்து கொடுக்கச் சொல்வார்கள். அளவை மருத்துவர் சொன்னபடி வையுங்கள். அந்த நாட்களில் வேறு தண்ணீர் எதுவும் குஞ்சுக்குக் கிடைக்கக் கூடாது. வாசலில் தேங்கும் மழைத்தண்ணீரைக் குடித்துவிட்டால் மருந்து உள்ளே போகாது.

பெரிய கோழி பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்தைத் திருகிக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு விட்டால் அது வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். அதற்கு மருந்து இல்லை, தடுப்பூசிதான். குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டாவது வாரத்தில் இறக்கையில் ஊசி. உங்கள் ரெண்டரை மாத ஐந்துக்கும் ஊசி போட்டாயிற்றா? இல்லையென்றால் அவை இப்போது சோர்வாக இருக்கும்போது போடாதீர்கள். கூடு காய்ந்து, நன்றாக இரை எடுக்கத் தொடங்கியபின் போடுங்கள். சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, மஞ்சள், கீழாநெல்லி அரைத்து உருட்டிக் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. கொடுங்கள், இரை எடுக்கத் தூண்டும். அதை நம்பித் தடுப்பூசியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அப்படி விட்ட வீடுகளில் ஒரே வாரத்தில் கூடு காலியானதை நான் நின்று பார்த்திருக்கிறேன்.

தீவனத்தையும் பாருங்கள். மழையில் சாக்குக்குள் குருணையும் பிண்ணாக்கும் பூஞ்சணம் பிடிக்கும். கட்டியாக இருந்தால், முடை நாற்றம் அடித்தால், கழுவிக் காயவைத்துப் போடலாம் என்று நினைக்காதீர்கள். பூஞ்சணத்தின் நஞ்சு கழுவினாலும் போகாது, ஈரலைக் கெடுக்கும். குழி தோண்டிப் புதையுங்கள். இறந்த குஞ்சுகளையும் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைத்திருப்பீர்கள் என நம்புகிறேன். வாய்க்காலில் போட்டால் அடுத்த தெருக் கோழிக்குப் போகும்.


ரப்பர் தோட்டம் (குமரி மாவட்டம்) எழுதியது:

எங்களுக்கு ஆனி ஆடி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. ஆகையால் நாங்க தரைக்கூடே போடுறது இல்ல. ரெண்டரை அடி உயரத்துல நாலு கான்கிரீட் கால், அதுமேல மரச்சட்டம், எச்சம் கீழ விழும், வாரம் ஒருதடவை வாரிச் செடிகொடிக்குப் போடுவோம். அடுத்த கோடையில உங்க கூட்டையும் அப்படித் தூக்கிடுங்க. செலவு ஒருதடவைதான்.

அவசரமா சொல்ல வந்தது வேற. வெளிய எங்கயும் காஞ்ச இடம் இல்லாதப்ப பாம்பும் காஞ்ச உமியைத் தேடித்தான் வரும். போன வருசம் முட்டை எடுக்க உமிக்குள்ள கை விட்டேன், விரல்ல ஏதோ வழவழன்னு பட்டது. சாரைதான், முட்டைக்கு வந்தது. நல்லபாம்பா இருந்திருந்தா இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். டார்ச் அடிச்சு, குச்சியால கிளறிப் பாக்காம யாரும் கை விடாதீங்க. பிள்ளைங்களை முட்டை எடுக்க அனுப்பாதீங்க. தெற்கு மேற்கு திறந்து வைக்கிறப்ப வலையோட கண்ணு அரை அங்குலத்துக்கு மேல இருக்கக் கூடாது. பெரிய கண்ணு வலைன்னா கீழ ரெண்டு அடிக்காவது சின்ன வலையை மேல சேத்து அடிங்க. கீரியும் அந்த வழியாத்தான் வரும்.


ஆத்தங்கரை வீடு எழுதியது:

அவுத்துட்டோம் அக்கா. நீங்க எழுதினதைப் படிச்ச உடனே நானும் அவரும் போய் அவுத்தோம். தெற்குப் படுதாவைத் தூக்கினப்ப உள்ளேர்ந்து ஆவி மாதிரி வந்துச்சு, மழைக்காத்துல அது தனியாத் தெரிஞ்சுது. உங்க 11 கோழியப் பத்திப் படிக்கிறப்ப எனக்கு அழுகை வந்துடுச்சு.

வடக்கயும் கிழக்கயும் சரிவா இழுத்துக் கட்டியாச்சு. உமியை வழிச்சப்ப அடிமண்ணு கஞ்சி மாதிரி இருந்துச்சு. நீங்க சொன்னது சரி, உள்தரையும் வெளித்தரையும் ஒரே மட்டம். பழைய ஓட்டை உடைச்சுக் கொட்டியிருக்கார்.

ஐயா, வெள்ளைத் தாள் வெச்சுப் பாத்தேன். ரெண்டு குஞ்சுக்குக் காப்பி நிறத்துல இருக்கு, ஒண்ணுல சிவப்பாவே திட்டு. மருந்தகத்துக்கு அவர் இப்பதான் கெளம்பியிருக்கார். ஊசி அஞ்சுக்கும் போடல, எனக்குத் தெரியாது. செத்த ரெண்டையும் புளியமரத்தடியில புதைச்சோம், சுண்ணாம்பு போடல, இன்னைக்குப் போடுறேன்.

பகல்ல வெளிய விடலாமா? விடாம இருந்தா ஒண்ணை ஒண்ணு கொத்துதுங்க, ஒரு பெட்டைக்கு வால்பக்கம் இறகே இல்ல.


உப்பளத்துக் கொல்லை எழுதியது:

விடு. தூறலா இருக்கிறப்ப கதவைத் திறந்துவெச்சுட்டு நீ பேசாம நில்லு. போறது போகும், வேண்டாம்கிறது உள்ளயே நிக்கும். கொட்டினா தானா ஓடியாந்துடும். குஞ்சுகளை மட்டும் விடாதே.

அந்தப் பெட்டைக்கு இறகு இல்லாதது முழுக்கக் கொத்தினதால இருக்காது. பொழுது குறையுற இந்த மாசங்கள்லதான் கோழி இறகு உதிர்க்கும். புது இறகு முளைக்கிற குருத்துல ரத்தம் ஓடும், அதைப் பாத்தா மத்தது கொத்தும். முட்டையும் இப்ப நின்னுருக்கும், பயப்படாதே, தை பொறந்து பகல் நீண்டா திரும்பும். இறகு முளைக்க ஒடம்புக்குச் சத்து வேணும், வெறும் குருணை பத்தாது. கடலைப்பிண்ணாக்கு பூஞ்சணம் இல்லாததா பாத்துக் கொஞ்சம் போடு, கருவாட்டுத் தூள் இருந்தா ஒரு புடி. ஈசல் வந்தா வெளக்குக்கு அடியில தண்ணிச் சட்டி வெச்சுப் புடி, அதுக்கு மேல தீனி கெடையாது.

கொத்துற கோழிக்கு வேலை குடுக்கணும். ஒரு கட்டு அகத்தியோ முருங்கையோ கயித்துல கட்டி, கழுத்தை நிமித்தினா எட்டுற உயரத்துல தொங்க விடு. இழுத்து இழுத்துத் தின்னும், மத்ததை மறந்துடும். அப்புறம் பழைய டயர் ஒண்ணு தேடு. திண்ணையோரமோ தாவாரத்துலயோ, சாரல் படாத எடத்துல போட்டு, உள்ள மணலும் அடுப்புச் சாம்பலும் சரிபாதி கலந்து கொட்டு. மண்ணுல பொரள வழியில்லாமப் போனா செள்ளுப்பூச்சி ஏறும். ராத்திரி வந்து ரத்தம் குடிக்கும், நமக்குக் கண்ணுலயே படாது, கோழி மட்டும் வெளுத்துக்கிட்டே வரும். சாம்பல் காஞ்சிருக்கணும், தெரிஞ்சுக்கோ. ஈரச் சாம்பல் காலையும் தோலையும் அரிக்கும்.

செவலை எப்படி இருக்கு?


ஆத்தங்கரை வீடு எழுதியது (ஆறு நாள் கழித்து):

மழை நேத்து மத்தியானம்தான் விட்டுச்சு. கரண்ட் இன்னைக்கு வந்துது, அதான் இப்ப எழுதுறேன்.

குஞ்சுல இன்னும் ஒண்ணு போச்சு. சிவப்பாத் திட்டு போட்டதுதான், மருந்து ஆரம்பிச்ச மறுநாளே. மிச்சம் எட்டும் தாயோட திண்ணையில இருக்கு. மருத்துவர் சொன்ன அளவுல அஞ்சு நாள் மருந்துத் தண்ணி குடுத்தேன், நேத்துலேர்ந்து எச்சம் கட்டியா விழுது. ரத்தம் இல்ல.

கூட்டுல நெடி மூணாம் நாளே போயிடுச்சு. ரைஸ்மில்லுல கேட்டா உமி எல்லாம் நனைஞ்சிருக்குன்னாங்க. நீங்க சொன்ன மாதிரி குவியல் நடுவுலேர்ந்து வேணும்னு கேட்டு நின்னு, ரெண்டு மூட்டை வாங்கிட்டு வந்தார். தினம் சாயங்காலம் ஒரு புடி அள்ளிப் பாக்குறேன். நேத்து உதிர்ந்துச்சு. முந்தாநாள் வடகிழக்கு மூலையில மட்டும் கொழுக்கட்டையா நின்னுச்சு. பாத்தா வாய்க்கால்ல தென்னமட்டை விழுந்து தண்ணி எதுத்து நின்னுருக்கு. மட்டையை எடுத்து விட்டேன், சரியாச்சு. பெட்டிக்குள்ள கை விடுறதுக்கு முன்னாடி டார்ச் அடிக்கிறேன் குமரி அண்ணே, பையனுக்கும் சொல்லிட்டேன்.

செவலையை மூணு ராத்திரி அடுப்படியில வெச்சிருந்தேன். முதல் ராத்திரி துண்டால ஒத்தினப்ப நெஞ்சு எலும்பு கையில குத்துச்சு, அவ்வளவு எளைச்சிருந்துச்சு. நாங்க வெளியில பாத்துக்கிட்டே இருந்திருக்கோம், இறகு மறைச்சிடுச்சு. ரெண்டாம் நாள் காலையில விரல்ல சோறு வெச்சப்ப கொத்துச்சு. மூணாம் நாள் நான் தோசை ஊத்துறப்ப கூடையை விட்டு எறங்கி வந்து என் கால்கிட்ட நின்னுச்சு. இப்ப கூட்டுக்குப் போயிடுச்சு, ராத்திரி கழியில ஏறித்தான் ஒக்காருது.

ஐயா, அந்த அஞ்சுக்கும் ஊசி போட அடுத்த வாரம் கொண்டுபோறேன். ஒரே கூடையில அஞ்சையும் வெச்சுக் கொண்டுபோகலாமா, மூச்சு முட்டுமா?

டயர் கெடைச்சுது. நேத்து வெயில் வந்ததும் சேவல்தான் முதல்ல போய்ப் பொரண்டுச்சு, சாம்பல் புகையாப் பறந்துச்சு. அது எந்திரிக்கிறவரைக்கும் நாலு பெட்டை சுத்தி நின்னுக்கிட்டே இருந்துச்சுங்க. இன்னொரு டயருக்குச் சொல்லியிருக்கேன்.


ஓய்வு கால்நடை ஆய்வாளர் எழுதியது:

பனை ஓலைக் கூடையோ மூங்கில் கூடையோ என்றால் ஐந்தும் ஒன்றாகப் போகலாம். மேலே துணி கட்டுங்கள், பிளாஸ்டிக் சாக்கு வேண்டாம். வெயில் ஏறும் முன், காலையிலேயே போய்விடுங்கள்.